கல்லூரிச் சேர்க்கையில் முன்னாள் மாணவர் நேர்காணல்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

நேர்காணல் என்றாலே வேலை கிடைப்பதும் கைநழுவிப் போவதும் அங்கேதான் என்று எண்ணி வளர்ந்தவர்கள் நாம். அதனால் ஹார்வர்டு, யேல் போன்ற இடங்களுக்குப் பிள்ளை விண்ணப்பித்த சில வாரங்களில், அங்கே படித்த ஒருவர் சந்திக்க அழைத்து மின்னஞ்சல் அனுப்பினால் வீடே பரபரப்பாகிவிடுகிறது. அவ்வளவு பதற்றம் வேண்டியதில்லை. வருபவர் சம்பளம் வாங்காத தன்னார்வலர். பெரும்பாலும் பிள்ளையின் மதிப்பெண்களோ கட்டுரைகளோ அவர் கண்ணில் பட்டிருக்காது. பேசியதைப் பற்றிச் சிறு அறிக்கை ஒன்றை அவர் அனுப்புவார். முடிவெடுப்பது சேர்க்கை அலுவலகம்.

எந்தக் கல்லூரி இதற்கு எவ்வளவு எடை தருகிறது என்பதை அக்கம்பக்கத்தில் கேட்டு அலைய வேண்டாம். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் 'காமன் டேட்டா செட்' என்ற ஆவணத்தின் சி7 பகுதியில், நேர்காணல் மிக முக்கியமா, முக்கியமா, கருத்தில் மட்டும் கொள்ளப்படுமா, பார்க்கப்படுவதே இல்லையா என்று அவர்களே குறித்திருப்பார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களிலும், கால்டெக் என்ற கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்திலும் இளநிலைச் சேர்க்கைக்கு நேர்காணல் கிடையாது. பிரவுன் பல்கலைக்கழகம் அதைக் கைவிட்டு, மாணவர் தாமே பதிவு செய்து அனுப்பும் சிறு காணொளிக்கு மாறிவிட்டது. நேர்காணல் உள்ள கல்லூரிகளிலும் அழைப்பு வராவிட்டால் பிள்ளையை ஒதுக்கிவிட்டார்கள் என்று பொருளல்ல. உங்கள் பகுதியில் போதிய முன்னாள் மாணவர்கள் இல்லாதிருக்கலாம்.

எடை குறைவென்றாலும் அழைப்பு வந்தால் மறுக்காதீர்கள் என்றே சொல்வேன். ஆசிய அமெரிக்க மாணவர்களுக்குப் பாகுபாடு காட்டுவதாக ஹார்வர்டு மீது தொடரப்பட்டு, 2018-இல் பாஸ்டனில் விசாரணைக்கு வந்த சேர்க்கை வழக்கில் வெளிவந்த தரவுகள் எனக்கு இன்றும் உறுத்துகின்றன. ஆசிய அமெரிக்க மாணவர்களை நேரில் சந்தித்த முன்னாள் மாணவர்கள், அவர்களின் ஆளுமைக்கு வெள்ளையின மாணவர்களுக்கு நிகரான மதிப்பீட்டையே தந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைப் பார்த்தேயிராத சேர்க்கை அலுவலகத்தினர் தந்த மதிப்பீடுதான் குறைந்திருந்தது. நம் பிள்ளையை நேரில் பார்த்த ஒருவரின் சொல் கோப்பில் இருப்பது நல்லது.

என் மகனின் நேர்காணல் ஊர்ப் பொது நூலகத்தின் சிறிய அறையில் நடந்தது. எட்டாம் வகுப்பிலிருந்து சேர்த்த சான்றிதழ்களையெல்லாம் நான் கோப்பாக்கிக் கொடுத்திருந்தேன். வந்த அம்மையார் அதைத் திறக்காமலே ஓரமாக வைத்துவிட்டு, "போன ஞாயிற்றுக்கிழமை இந்நேரம் என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்று கேட்டாராம். தன் பள்ளிப் பேருந்து எத்தனை நிமிடம் தாமதமாக வருகிறது என்று இரண்டு மாதமாகக் குறித்துவைத்த நோட்டைப் பற்றி அவன் சொல்லத் தொடங்க, மீதி நேரம் அதிலேயே போயிற்று. ஆகவே பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். பெரியவர்கள் கேட்டதற்கு மட்டும் தலைகுனிந்து பதில் சொல் என்று நாம் பழக்கிய பிள்ளை, முகம் பார்த்துத் தன் ஈடுபாட்டை விரித்துச் சொல்லவும், தானும் ஒன்றிரண்டு கேள்விகள் கேட்கவும் வீட்டிலேயே பழகினால் போதும்.

அழைப்பு சில சமயம் ஸ்பேம் பெட்டியில் விழுந்துவிடும். நவம்பரிலும், ஜனவரி, பிப்ரவரியிலும் அதைத் தினமும் பார்க்கச் சொல்லுங்கள். ஓரிரு நாளுக்குள் பிள்ளையே பதில் எழுத வேண்டும். நீங்கள் கொண்டுபோய் விடலாம், உடன் அமரக் கூடாது. இனிப்புப் பெட்டி, பரிசு எதுவும் வேண்டாம். அன்றிரவே இரண்டு வரி நன்றி மின்னஞ்சல் போக வேண்டும், அதுவும் பிள்ளையின் சொற்களிலேயே.