எங்கிருந்து இடப்பக்கம்? கோப்புப் பாதைக்கு விளக்கம் எழுதும் முறை

கேரள எல்லையை ஒட்டிய புளியரையில் என் மாமாவுக்கு ஒரு காய்கறிக் கிட்டங்கி இருக்கிறது. வழி கேட்கிற லாரிக்காரர்களிடம் "சோதனைச்சாவடிக்கு முன்னால் இடப்பக்கம்" என்பார். செங்கோட்டையிலிருந்து வருபவருக்கு அது சரி. புனலூரில் சரக்கை இறக்கிவிட்டுக் கோட்டைவாசல் வழியாகத் திரும்புகிறவருக்கும் அதையேதான் சொல்வார். அவர்கள் சாவடிக்கு அந்தப் புறமே நின்று, இடப்பக்க வயலைப் பார்த்துவிட்டு மறுபடி போன் செய்வார்கள்.

வியாபாரிகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதித் தருவது என் பிழைப்பு. என் செயற்கூறு (ஃபங்ஷன்) ஒன்றின் விளக்கத்தில் இப்படி எழுதியிருந்தேன்: "கோப்பின் பெயர். சார்புப் பாதையும் தரலாம்." முழுப்பாதை உச்சிக் கோப்புறையிலிருந்து வழி சொல்லும், சார்புப் பாதை வேறோர் இடத்திலிருந்து சொல்லும். எதைச் சார்ந்த பாதை? எழுதவில்லை. மாமாவைக் கேலி செய்யும் தகுதி அன்றோடு போயிற்று. பகலில் நான் கையால் இயக்கியபோது பில்கள் உரிய இடத்தில் சேர்ந்தன. இரவில், குறித்த நேரத்தில் நிரல்களைத் தானே இயக்கும் லினக்ஸின் கிரான் இயக்கியபோது, அது பயனரின் இல்ல அடைவிலிருந்து (ஹோம் கோப்புறை) தொடங்குவதால், அங்கே புதிதாக ஒரு 'பில்' கோப்புறை முளைத்தது. பிழைச்செய்தி ஏதும் இல்லை. பதினொரு நாள் தக்காளிக் கணக்கு அதற்குள் கிடந்தது. பிறகு அந்த நிரலையே, லினக்ஸில் பின்னணிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் சேவையாகத் தனிப் பயனரின் கீழ் ஓட விட்டேன். அது மூல அடைவிலிருந்து ('/' என்ற உச்சிக் கோப்புறை) தொடங்கி, எழுத அனுமதியில்லை என்று நின்றுவிட்டது. நின்றதே மேல்.

ஆகவே முதலில் எழுத வேண்டியது அடித்தளத்தை. நடப்பு அடைவா (நிரல் ஓடும்போது நிற்கும் கோப்புறை), நிரல் இருக்கும் கோப்புறையா, அமைப்புக் கோப்பு (கான்ஃபிக்) இருக்கும் இடமா? ஒன்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள். படிப்பவருக்குத் தெரிந்திருக்கும் என்று விடாதீர்கள். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோட் ஜேஎஸ்ஸில் ஒரே கோப்பின் அடுத்தடுத்த வரிகளில் './விலை' என்று எழுதினால், வேறொரு நிரல்கோப்பைச் சேர்க்கும் ரிக்வயர் அந்த வரி இருக்கும் கோப்பின் பக்கத்தில் தேடும். கோப்பைப் படிக்கும் ரீட்ஃபைல், நிரல் எங்கிருந்து இயக்கப்பட்டதோ அங்கே தேடும். எழுத்து ஒன்று, இடம் இரண்டு.

அடுத்தது, எப்போது என்பது. செயற்கூறு பெயரை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு கோப்பைத் திறக்கிறது என்றால், இடையில் யாராவது நடப்பு அடைவை மாற்றியிருக்கலாம். "அழைத்த கணத்திலேயே முழுப்பாதையாக மாற்றிக்கொள்ளும்" என்ற வரியைப் பலர் எழுதுவதில்லை. எழுதினால் ஒரு நாள் அலைச்சல் மிச்சம்.

முழுப்பாதை தந்தால் என்ன ஆகும் என்பதையும் மறைக்கக் கூடாது. பாதைகளை இணைக்கும் பைத்தானின் பாத் ஜாயினுக்கு '/பில்' என்பதோடு 'ஜூலை' தந்தால் '/பில்/ஜூலை' கிடைக்கும். '/ஜூலை' என்று தந்தால் முன்னால் இருந்த '/பில்' போய்விடும். '/ஜூலை' மட்டுமே மிஞ்சும். பயனர் தட்டச்சிடும் பெயரை அப்படியே இதற்குள் அனுப்பினால், அவர் உங்கள் கோப்புறையை விட்டு எங்கு வேண்டுமானாலும் போகலாம். ஒரு கோப்புறை மேலே ஏறும் '..' வழியாகவும் போகலாம். ஏற்பீர்களா, மறுப்பீர்களா, விளக்கத்தில் சொல்லுங்கள்.

சில்லறை விஷயங்கள்: இல்ல அடைவைக் குறிக்கும் '~' குறியை விரிப்பது, கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல். கோப்பைத் திறக்கும் பைத்தானின் ஓபன் அதை வெறும் பெயராகவே எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் 'சி:பில்' முழுப்பாதை அன்று. சி இயக்கியின் நடப்பு அடைவைச் சார்ந்தது. முழுப்பாதையைத் திருப்பித் தருகிறீர்கள் என்றால் குறியீட்டு இணைப்பை (வேறோர் இடத்தைச் சுட்டும் கோப்பு) பின்தொடர்ந்தீர்களா என்பதையும் சேருங்கள். பைத்தானில் ஆப்ஸ்பாத் பின்தொடராது, ரியல்பாத் பின்தொடரும்.

என் பழைய வரி இப்போது இப்படி இருக்கிறது: "கோப்பின் பெயர். சார்புப் பாதையானால், அமைப்புக் கோப்பு இருக்கும் கோப்புறையிலிருந்து, அழைத்தவுடன் முழுப்பாதையாக மாற்றப்படும். முழுப்பாதையானால் அப்படியே பயன்படும். '~' விரிக்கப்படாது. கோப்புறை இல்லையென்றால் பிழை எழும், புதிதாக உருவாக்கப்படாது." கடைசி வாக்கியம் அந்தப் பதினொரு நாளுக்காக.

எழுதியபின் நிரலை அதன் கோப்புறையிலிருந்து ஒருமுறை, மூல அடைவிலிருந்து ஒருமுறை, கிரான் வழியாக ஒருமுறை இயக்கிப் பாருங்கள். மூன்றிலும் கோப்பு ஒரே இடத்தில் விழவில்லை என்றால், வாக்கியத்தைத் தொடாதீர்கள், நிரலைத் திருத்துங்கள்.