உங்கள் வயலினுக்கு ஒரு அடையாளப் பதிவு

உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டை மட்டும் நம்பி வயலினை எடைபோடாதீர்கள். புகழ்பெற்ற இத்தாலிய வயலின் கலைஞர் ஸ்ட்ராடிவேரி செய்ததாகப் பெயர் அச்சிட்ட சீட்டுகள் தொழிற்சாலை வயலின்களில் ஏராளமாக ஒட்டப்பட்டன. அதில் நாட்டின் பெயரும் ஆங்கிலத்தில் இருந்தால், பெரும்பாலும் 1891-க்குப் பிந்தையது. அமெரிக்க இறக்குமதிச் சட்டம் அந்தக் காலத்தில்தான் அதைக் கட்டாயமாக்கியது.

வயலின் செய்பவர்கள் முதலில் பார்ப்பது மரத்தை. பின்பலகை மேப்பிள் மரம். அதன் குறுக்கே ஓடும் அலை வரிகள் கைரேகை மாதிரி, இரண்டு வயலின்களில் அச்சாக ஒன்றுபோல் அமையாது. மேல்பலகையான ஸ்ப்ரூஸ் மரத்தின் ஆண்டு வளையங்களை அளந்தால், வயலின் எந்த ஆண்டுக்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது என்பது தெரியும். செய்தவர் யார் என்பதை அது சொல்லாது. அதற்கு மேல்பலகையில் 'f' எழுத்து வடிவில் இருக்கும் எஃப் துளைகளின் வெட்டு, தலைச்சுருளில் உளி போன விதம், வார்னிஷின் தன்மை எல்லாம் பார்க்க வேண்டும்.

1734-இல் உருவான 'ஏம்ஸ்' ஸ்ட்ராடிவேரி என்ற வயலின் 1980-இல் திருடு போனது. மதிப்பீட்டாளர் ஒருவரிடம் காட்டப்பட்டபோது அடையாளம் காணப்பட்டு, 2015-இல் உரியவரின் குடும்பத்துக்கே திரும்பியது.

எனவே இன்றே படம் எடுத்து வையுங்கள். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு, தலைச்சுருளின் இருபுறம். ஃபிளாஷ் வேண்டாம், வார்னிஷ் பளபளத்து வரிகள் மறைந்துவிடும். ஜன்னலோர வெளிச்சம் போதும். பழைய விரிசல், ஒட்டுப்போட்ட இடம், தேய்மானம் ஆகியவற்றைக் கிட்டத்தில் எடுங்கள். பின்பலகையின் நீளத்தையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றை வயலின் பெட்டிக்குள் வைக்காதீர்கள், வயலினோடு இவையும் போய்விடும்.