தூக்கம்: ‘பழகிடுச்சு’ என்பதில் தொடங்கும் தவறுகள்

குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களில் இருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் பலர் காலை நாலரைக்கே எழுந்துவிடுகிறார்கள். சோறு வடித்து, பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டி, கம்பெனி வண்டியைப் பிடித்தாக வேண்டும். இரவு பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுக்கும்போது பதினொன்று. ஐந்தரை மணி நேரத் தூக்கம் போதுமா என்று கேட்டால், “அதெல்லாம் பழகிடுச்சுங்க” என்பார்கள். ராணிப்பேட்டையில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவரும், காட்பாடி ஹாஸ்டலில் விடிய விடிய லேப்டாப்பும் கையுமாக இருக்கும் மாணவரும், ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளிக்குத் துணையாகப் படுத்திருப்பவரும் சொல்வது இதையேதான். தூக்க விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது இதுதான். மற்றவற்றில் பாதி இதிலிருந்து கிளைத்தவை.

2003-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் வான் டாங்கன், டேவிட் டிங்கஸ் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 48 பேர். ஒரு பிரிவினர் இரவில் 8 மணி நேரம் படுக்கலாம், இன்னொரு பிரிவினர் 6, மற்றவர்கள் 4. இப்படியே 14 நாள். நான்காவது பிரிவினர் தொடர்ந்து 3 நாள் தூங்கவே இல்லை. பகலில் எல்லோருக்கும் ஒரு சோதனை: திரையில் எண் தெரிந்த உடனே பொத்தானை அழுத்த வேண்டும். அரை நொடிக்கு மேல் தாமதமானால் கவனம் தப்பியதாகக் கணக்கு. இரண்டு வாரம் முடிவதற்குள் 4, 6 மணி நேரக்காரர்களின் கவனம், ஓரிரு இரவு அடியோடு விழித்திருந்தவர்களின் நிலைக்கு இறங்கிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. எவ்வளவு தூக்கம் வருகிறது என்று அவர்களையே கேட்டபோது, முதல் சில நாள் அசதி கூடியதாகச் சொன்னார்கள்; அப்புறம் பெரிதாக மாற்றமில்லை என்றார்கள். சோதனை மதிப்பெண்ணோ நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போனது. அதாவது, தூக்கம் குறைந்த மூளையால் தன் குறையை அளக்க முடிவதில்லை. மந்தமே இயல்பு நிலை மாதிரி ஆகிவிடுகிறது. பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் என்று 2015-ல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகள் பரிந்துரைத்ததன் பின்னணியில் இது போன்ற ஆய்வுகள் நிறைய உண்டு. நாளெல்லாம் வியர்க்க வேலை செய்தவர் சீக்கிரம் தூங்குவது இயல்பு. ஆனால் பஸ்ஸில் சீட் கிடைத்தால் போதும், சத்துவாச்சாரி தாண்டுவதற்குள் தூங்கிவிடுவேன் என்று தினமும் பெருமையாகச் சொல்பவர் தூக்கக் கடனில் இருக்கிறார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கடன் உயிரோடு விளையாடும் இடம், வேலூரை ஒட்டியே போகும் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை. 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசனும் ரீடும், தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை-கண் ஒத்துழைப்பு, 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைவதாகக் காட்டினார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 30 மில்லிகிராம். காலை ஆறு மணிக்கு எழுந்து, நாள் முழுக்கக் கல்யாண வேலை பார்த்துவிட்டு, இரவு பன்னிரண்டு மணிக்கு “டிராஃபிக் இருக்காது, இப்பவே கிளம்பிடலாம்” என்று காரை எடுப்பவர் ஒரு சொட்டுக் குடிக்காமலேயே அந்த அளவைத் தாண்டியவர்தான். அவரை ஊதச் சொன்னால் கருவி ஒன்றும் காட்டாது, அவ்வளவுதான்.

தூக்கம் கண்ணைச் சுற்றும்போது செய்யும் வைத்தியங்களும் தவறானவை. ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது, பக்கத்து சீட்டுக்காரரைப் பேசிக்கொண்டே வரச் சொல்வது எல்லாம் சில நிமிடம்தான் தாங்கும். இங்கிலாந்தின் லஃப்பரோவில் ஹார்னும் ரெய்னரும் ஓட்டுநர்களை வைத்துச் சோதித்தபோது குளிர்காற்றும் ரேடியோவும் பெரிதாக உதவவில்லை. காபியும் 15 நிமிடத்துக்கு உட்பட்ட ஒரு குட்டித் தூக்கமும் சேர்ந்தது நன்றாக வேலை செய்தது. காபி, டீ குடித்தால் அரை மணி கழித்துத்தான் பிடிக்கும். அதனால் பள்ளிகொண்டா பக்கம் ஸ்ட்ராங்காக ஒரு டீ அடித்துவிட்டு அதே வேகத்தில் வண்டியை எடுக்காதீர்கள். குடித்துவிட்டு, ஓரம் கட்டி, அலாரம் வைத்துக் கொஞ்சம் கண்ணை மூடுங்கள். எழும்போது டீயும் வேலையைத் தொடங்கியிருக்கும். இதுவும் ஓரிரு மணி நேரத்துக்கான தற்காலிக ஏற்பாடுதான்.

அதே காபி மாலையில் எதிரி. மூளையில் நாள் முழுக்கச் சேரும் அடினோசின் என்ற பொருள்தான் தூக்க அழுத்தத்தை ஏற்றுகிறது. காஃபின் அது உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சராசரியாக 5 மணி நேரம் கழித்தும் பாதி காஃபின் உடம்பில் இருக்கும். “காபி குடிச்சாலும் எனக்குத் தூக்கம் வரும்” என்பவர்கள் சொல்வது பொய்யில்லை. வரும், ஆனால் ஆழம் குறையும். மதுவும் அப்படித்தான்: சீக்கிரம் தூங்க வைத்து, பின்னிரவில் எழுப்பி விடும்.

பகலில் தூங்கினால் சோம்பேறி என்பது அடுத்த தவறு. இதற்குப் பதில் நம் ஊர்ப்பக்கமே இருக்கிறது. பொருளாதார ஆய்வாளர்கள் பெட்ரோ பெசோன், கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக் முதலியோர் சென்னையில் குறைந்த வருமானம் உள்ள 452 பேருக்கு டேட்டா என்ட்ரி வேலை கொடுத்து, கையில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டிவிட்டார்கள். முடிவுகள் 2021-ல் வெளியாயின. அவர்கள் படுக்கையில் இருந்தது 8 மணி நேரம். தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். சூடு, கொசு, சத்தம், நெரிசல் எல்லாம் சேர்ந்து தூக்கத்தைத் துண்டு துண்டாக வெட்டியிருந்தன. ஆலோசனை, கண்பட்டி, காதடைப்பான் போன்ற உதவிகள், சிலருக்கு ஊக்கத்தொகை எல்லாம் கொடுத்ததில் இரவுத் தூக்கம் 27 நிமிடம் கூடியது. ஆனால் வேலையிலோ சிந்திக்கும் திறனிலோ சொல்லும்படி முன்னேற்றம் இல்லை. மதியம் அலுவலகத்திலேயே அரை மணி தூங்க விட்டபோது, வெறும் இடைவேளை எடுத்தவர்களைவிட அவர்கள் நன்றாக வேலை செய்தார்கள், மனநிலையும் மேம்பட்டது. ஆனால் அந்த அரை மணியும் தூங்காமல் உழைத்தவர்களின் மொத்தச் சம்பாத்தியத்தைத் தூங்கியவர்கள் எட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

“சீக்கிரம் படுங்க” என்று அறிவுரை சொல்பவர்கள், நான் உட்பட, இந்த ஆய்வைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் இன்னும் அரை மணி முன்னால் படுப்பதால் மட்டும் என்ன கிடைத்துவிடும்? சாப்பாட்டு இடைவேளையில் இருபது நிமிடம் தலை சாய்க்க இடம் கொடுப்பது நடைமுறைக்கு நெருக்கமானது. ஒரே நிபந்தனை, மூன்று மணிக்கு மேல் நீண்ட நேரம் தூங்கக் கூடாது. இரவுத் தூக்கத்தைத் தின்றுவிடும்.

சூட்டைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தூங்க ஆரம்பிக்க உடம்பின் உள்வெப்பம் இறங்க வேண்டும். பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவில் அதைத் தலைக்கு மேல் கக்குகிறது. ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு ஃபேனை ஐந்தில் வைத்தால் அதே சூடுதான் சுற்றும். மொட்டை மாடியில் கொசுவலை கட்டிப் படுப்பது எவ்வளவோ மேல். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் குளித்தால் தோல் வழியாக வெப்பம் வெளியேறி, தூக்கம் சுமார் பத்து நிமிடம் முன்னதாக வருவதாக ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று சொல்கிறது. மே மாதம் இங்கே மாடி டேங்க் தண்ணீரே அந்தப் பதத்தில்தான் வரும், கீசர் வேண்டாம்.

பிள்ளைகள் விஷயத்தில் தவறு பெரும்பாலும் பெற்றோருடையது. “நாலு மணிக்கு எழுந்து படிச்சா மனசுல நிக்கும்” என்பது ஒன்பது மணிக்கு விளக்கணைத்த காலத்துப் பேச்சு. நீட் கோச்சிங் முடிந்து வந்து பதினொன்றரைக்குப் படுக்கும் பிள்ளையை நாலு மணிக்கு எழுப்பினால் மிஞ்சுவது நாலரை மணி நேரம். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை. அந்த வயதில் உடம்பின் கடிகாரமே தாமதமாக ஓடும். 1924-லேயே ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்களை அர்த்தமற்ற அசைகளை மனப்பாடம் செய்ய வைத்துப் பார்த்தார்கள். படித்ததும் தூங்கியபோது நினைவில் நின்றது, அதே நேரம் விழித்திருந்தபோது நின்றதைவிட மிக அதிகம். நூறாண்டுகளில் இந்த முடிவு பல விதமாக மறுபடி கிடைத்திருக்கிறது. பாடம் பதிவது படித்த பிறகு வரும் தூக்கத்தில். பரீட்சைக்கு முந்தைய இரவு விழித்திருப்பவர் இரவு படித்ததையும் பதிய விடாமல், காலையில் கேள்வித்தாளை நிதானமாகப் படிக்கும் திறனையும் இழக்கிறார்.

நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவரை லீவில் இருப்பவராக நடத்துவது வீட்டாரின் தவறு. “சும்மாதானே படுத்திருக்கீங்க, கேஸ் சிலிண்டர் வந்தா வாங்கி வைங்க” என்பது, இரவு இரண்டு மணிக்கு உங்களை எழுப்பிக் கதவைத் திறக்கச் சொல்வதற்குச் சமம். ஜன்னலுக்குக் கெட்டியான துணி, அணைத்த போன், குக்கரைக் கொஞ்சம் தள்ளிப் போடுவது, இவ்வளவுதான் அவருக்கு வேண்டும்.

தூக்கம் வராதவர்களின் தவறுகள் வேறு வகை. நேற்று தூங்கவில்லை என்று இன்று எட்டு மணிக்கே படுத்து, புரண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். படுக்கை என்றாலே விழிப்பு என்று மூளை கற்றுக்கொள்ளும். தூக்கம் வந்த பிறகே படுப்பது, இருபது நிமிடம் போல ஆகியும் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்கார்வது, எப்படித் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது ஆகியவை 1970-களில் ரிச்சர்ட் பூட்சின் வகுத்த முறையின் சாரம். இவற்றை உள்ளடக்கிய நடத்தை சிகிச்சையைத்தான் நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. மெடிக்கலில் கேட்டு வாங்கும் அல்பிரசோலம் அல்ல. அது சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து. பழகியவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டரிடம் சொல்லி மெதுவாகக் குறைக்க வேண்டும்.

போன் வெளிச்சத்தைப் பற்றிய பயம் கொஞ்சம் மிகை. வெளிச்சத்தைவிட அதில் ஓடும் குடும்ப குரூப் சண்டைதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஸ்மார்ட் வாட்ச் காட்டும் ‘ஆழ்ந்த தூக்கம்’ ஒரு ஊகக் கணக்கு, அதைப் பார்த்துக் கவலைப்பட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நடு இரவில் விழித்து, கை கால் அசையாமல் நெஞ்சில் யாரோ உட்கார்ந்ததுபோல் இருந்தால் அது அமுக்குவான் பேய் இல்லை. கனவுத் தூக்கத்தில் தசைகள் தளர்ந்திருக்கும். மூளை மட்டும் சற்று முன்னதாக விழித்துவிட்டது. மந்திரிக்கப் போகும் பணம் மிச்சம்.

கடைசியாக, குறட்டை. “அசந்து தூங்குறாரு” என்று சிரித்துவிடுகிறோம். குறட்டை திடீரென்று நின்று, பத்து நொடிக்கு மேல் மூச்சே இல்லாமல், பிறகு திணறலோடு தொடர்ந்தால் அது தொண்டைப் பகுதியில் மூச்சுப்பாதை அடைபடும் நோயாக இருக்கலாம். இரவெல்லாம் இப்படி நடப்பது அவருக்கே தெரியாது. காலையில் தலைவலி, பகலில் தூங்கி விழுதல், மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தம் என்று வேறு வழியில்தான் தெரியவரும். பெரிய ஆஸ்பத்திரிகளில் ஓர் இரவு படுக்க வைத்துப் பரிசோதிப்பார்கள். 1981-ல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய, மூச்சுப்பாதை மூடாமல் இருக்கக் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி இன்றும் இதற்கு முக்கியச் சிகிச்சை. டாக்டரிடம் போகும் முன் ஒரு வேலை: பக்கத்தில் படுப்பவர் அந்தக் குறட்டையை, மூச்சு நிற்கும் இடம் உட்பட, போனில் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்து வைக்கட்டும். “நானா? குறட்டையா?” என்று வாதாடுபவரைக் கூட்டிக்கொண்டு போகவும் அது உதவும்.