மேசைப் போரும் கேக்கும்: முன்னாள் படைவீரர்களுக்கு நிதி திரட்ட

மேசைமேல் சின்னப் படைவீரர் பொம்மைகளை நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டையும் கேக் விற்பனையையும் ஒரே நாளில் வைத்து நிதி திரட்டலாம். முதலில், பணம் போய்ச் சேரவேண்டிய அறக்கட்டளையிடம் பேசி, அவர்கள் பெயரைப் பயன்படுத்த எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அப்புறம் மேசை. 6 அடிக்கு 4 அடி இருந்தால் இருவர் தாராளமாக ஆடலாம், ஆனால் முழு ஆட்டம் இரண்டு மூன்று மணி நேரம் இழுக்கும் என்பதால், சும்மா எட்டிப் பார்க்க வருகிறவர்களுக்கு அரை மணியில் முடியும் சின்னச் சண்டை ஒன்றைத் தனியாக வையுங்கள். பகடையை மறுபடி உருட்ட வேண்டுமா, உண்டியலில் காசு போடு! கேக் மேசை தள்ளியே இருக்கட்டும். மாதக்கணக்கில் வண்ணம் தீட்டிய பொம்மையில் கிரீம் விரல் பட்டால் நட்பே முறியும். முட்டை, பால், கோதுமை, கொட்டைப் பருப்பு எது இருந்தாலும் கேக் பக்கத்தில் சீட்டில் எழுதி வைக்க வேண்டும். நிஜப் போரைப் பார்த்தவர்களும் வருவார்கள், அதனால் அண்மைக்காலப் போர்கள் வேண்டாம், பழங்காலமோ கற்பனை உலகமோ போதும். கடைசியில் பணத்தை இருவர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போடுங்கள்.