தூக்கணாங்குருவி ஜோடி சேர்வதைப் பார்க்க வேண்டுமா? அரைகுறைக் கூட்டைத் தேடுங்கள்

புதுச்சேரியில் பாகூர் ஏரிக்கரையிலும் ஊசுடு ஏரிப் பக்கமும் பனைமட்டையில் ஆடும் முழுக்கூட்டைத்தான் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். வாசல்குழல் நீண்டுவிட்டால், அங்கே ஜோடி சேர்ந்து முடிந்துவிட்டது என்று பொருள். பெண்குருவி வந்து பார்ப்பது பாதி முடிந்த கூட்டை.

ஆடி, ஆவணியில் மழை பெய்து நெல்லும் புல்லும் தழைத்த பிறகு போங்கள். மழையைப் பொறுத்து இது முன்பின்னாகும். காலை ஆறு முதல் ஒன்பது மணி வரை நல்ல நேரம். தென்மேற்குக் காற்றுக்கு ஒதுங்கி மரத்தின் கிழக்குப் பக்கமாகவே பெரும்பாலும் கூடு தொங்கும். நீங்களும் கிழக்கே நின்றால் வெயில் முதுகுப்பக்கம் இருக்கும், நிறம் தெளிவாகத் தெரியும். எட்டு மடங்கு பைனாகுலர் போதும். மரத்திலிருந்து முப்பது மீட்டராவது தள்ளி, வரப்பில் உட்கார்ந்துவிடுங்கள். நின்றுகொண்டு நடமாடினால் ஆண்கள் கட்டுவதை நிறுத்திவிடும்.

ஆணுக்கு உச்சந்தலையும் மார்பும் மஞ்சள், முகம் கரும்பழுப்பு. பெண் மங்கலாக, பெண் சிட்டுக்குருவி போலவே இருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்து, தேர்வு செய்ய வந்த பெண்ணைத் தவறவிடுகிறார்கள்.

ஆண் முதலில் நெல்தாளையும் ஓலையையும் நாராகக் கிழித்து வந்து முடிச்சுப் போடும். அடுத்தது வளையம். வளையத்தின் மேல் கூரை இறங்கியதும் கூடு கவிழ்த்த ஹெல்மெட் போல இருக்கும், குறுக்கே ஒரு பட்டை ஓடும். இந்தக் கட்டத்தில் உள்சுவரில் ஈர மண்ணையும் அப்பி வைக்கும். இந்த நிலையில் உள்ள கூடுகளைப் படம் வரைந்து எண் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் எது எது என்று குழம்பிப்போகும்.

பெண்கள் கூட்டமாக வந்திறங்கும்போது ஒரே களேபரம்! ஒவ்வொரு ஆணும் தன் கூட்டில் தொற்றிக்கொண்டு சிறகடித்துக் கத்தும். பெண் குறுக்குப் பட்டையில் உட்கார்ந்து, உள்ளே எட்டிப் பார்த்து, நாரை அலகால் இழுத்துப் பார்க்கும். அந்த இழுப்பைக் கவனியுங்கள். பின்னலை மட்டும் பார்த்து அது முடிவு செய்வதில்லை. உயரமான, எளிதில் எட்ட முடியாத இடத்தில் தொங்கும் கூட்டுக்குத்தான் முதல் மரியாதை. கைதேர்ந்த பின்னலும் தாழ்ந்த கிளையில் இருந்தால் கேட்பாரற்றுக் கிடக்கும்.

பெண் ஒப்புக்கொண்டதற்கு அடையாளம், ஆண் பட்டையின் ஒரு பக்கத்தை முட்டை அறையாக மூடி, மறுபக்கம் குழலை நீட்டத் தொடங்குவது. பெண் உள்ளே மெத்தை போடும். யாரும் ஏற்காத கூடு பச்சை மாறிப் பழுப்பாகும், நார் மொடமொடத்துவிடும், ஆண் அதைக் கைவிட்டு வேறு கூடு தொடங்கும். அந்தப் பாதிக் கூட்டைப் பார்த்துவிட்டு ‘ஆண்குருவி தங்கும் ஊஞ்சல்’ என்று சொல்வது பரவலான தவறு.

ஓநாய்க் குடும்பத்தில் ஆணும் பெண்ணும் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் ஒன்றாக இருந்து குட்டிகளுக்கு இரை தேடும். புள்ளி ஆந்தைகளும் ஜோடியாகவே பொந்தில் வாழும். தூக்கணாங்குருவியிடம் அந்தக் கதை இல்லை. குழல் முடிந்ததும் ஆண் பக்கத்திலேயே அடுத்த வளையத்தைத் தொடங்கி, இன்னொரு பெண்ணை அழைக்கும். பெண் 2 முதல் 4 முட்டை இட்டு, ஏறக்குறைய இரண்டு வாரம் தனியாகவே அடைகாக்கும். குஞ்சுக்கு இரை ஊட்டுவதும் பெரும்பாலும் அதன் பாடுதான். ஆகவே எண் போட்ட கூட்டை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும், அந்த ஆணையும் பின்தொடருங்கள்.

குஞ்சு பறக்கும்வரை மட்டையை வெட்டவோ கூட்டைத் தொடவோ வேண்டாம். முட்டையையும் கூட்டையும் குலைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையாகவே கருதப்படும். பனையில் நுங்கு, கள் இறக்குகிறவர் இருந்தால், எந்த மட்டையில் குஞ்சு இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.