மேல்துணி அவர்களுடையது, தையல் நம்முடையது: குவில்ட்டுக்கு வடிவம் தேர்ந்தெடுக்கும் முறை

குவில்ட் என்னும் மூன்றடுக்குப் போர்வைக்காகத் துண்டுத்துணிகளை இணைத்து மேல்துணியை அழகாக முடித்துவிட்ட பலர், அதை நடுப்பஞ்சோடும் அடித்துணியோடும் சேர்த்துத் தைக்கும் வேலையை மட்டும் வேறொருவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்கும்போது அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "உங்களுக்கு எது நன்றாக இருக்கும் என்று படுகிறதோ, அதையே போடுங்கள்." அதை நம்பி உடனே ஊசியை இறக்கிவிடாதீர்கள். மூன்றடுக்கையும் சுருக்கமின்றி விரித்துப் பிணைப்பதும் நூலின் இழுவிசையைப் (டென்ஷன்) பார்ப்பதும் உங்களுக்குத் தெரியும் என்று கொண்டு, தையல் வடிவம் தேர்ந்தெடுப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதல் படி, பூவா சுருளா என்று யோசிப்பதன்று; அதை யார் போர்த்தப் போகிறார்கள், எத்தனை நாளைக்கு ஒருமுறை துவைப்பார்கள் என்று கேட்பது. குழந்தைக்கான போர்வையில் அரை அங்குல இடைவெளியில் நெருக்கித் தைத்தால் அது அட்டை போல் விறைத்துவிடும். அதற்கு நான் இரண்டு அங்குலத்துக்குக் குறையாத வளையங்களே போடுகிறேன். சுவரில் மாட்டப்போவதாக இருந்தால் எவ்வளவு நெருக்கினாலும் பாதகமில்லை.

இரண்டாவதாக, நடுப்பஞ்சின் உறையைக் கேட்டு வாங்குங்கள். தையல் வரிகளுக்கிடையே விடக்கூடிய அதிகபட்ச இடைவெளி அதில் அச்சிடப்பட்டிருக்கும். வார்ம் அண்ட் நேச்சுரல் பருத்திப் பஞ்சுக்கு அது 10 அங்குலம். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த ஹாப்ஸ் 80/20 பஞ்சுக்கு 4 அங்குலம்தான். அந்த அளவைத் தாண்டினால், சில சலவைகளுக்குப் பின் பஞ்சு உள்ளே நகர்ந்து திரளத் தொடங்கும்.

மேல்துணியைப் பார்ப்பது இதற்குப் பிறகுதான். லாக் கேபின் (பட்டைத்துணிகளை அடுக்கியது), நைன் பேட்ச் (ஒன்பது சதுரங்கள் கொண்டது) போல நேர்கோடுகளால் ஆன கட்டங்களுக்கு வளைவான தையலே பொருந்தும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் சட்டத்தைச் சுற்றி அமர்ந்து கையால் தைத்த பெண்கள், முழங்கையை ஊன்றி, கை சுழலும் அளவுக்கு வில் போன்ற வளைவுகள் வரைந்த பாப்டிஸ்ட் ஃபேன் வடிவம் இன்றும் எனக்கு முதல் விருப்பம், ஏனென்றால் எந்தக் கட்டத்தின் மீதும் அது சண்டையின்றி உட்காரும். நிறையப் பூ அச்சிட்ட துணியில் இறகு வடிவம் போட்டு உழைப்பை வீணாக்க வேண்டாம். அது கண்ணிலேயே படாது. இறகெல்லாம் வெறுந்துணிக்குத்தான். இணைப்பு மடிப்பின் பள்ளத்திலேயே தைப்பது எளிது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு நூலிழை விலகினாலும் அது பளிச்சென்று தெரியும்.

என்னை இடறவைத்த படிக்கு வருகிறேன். ஒஹையோ ஸ்டார் கட்டங்கள் கொண்ட ஒரு மேல்துணியில், நட்சத்திரங்களைச் சுற்றி அரை அங்குலச் சிறு வளைவுகளை நெருக்கமாக நிரப்பிவிட்டு, களைப்பில் கரைப்பகுதிக்கு மட்டும் நான்கு அங்குலச் சுருள்கள் போட்டேன். மெஷினிலிருந்து எடுத்து மேசையில் விரித்தபோது, நடுப்பகுதி படிந்து கிடக்க, நான்கு ஓரங்களும் பொரித்த அப்பளம் போல் நெளிந்து நின்றன. ஒவ்வொரு தையல் வரியும் துணியைக் கொஞ்சம் உள்ளிழுக்கிறது. வரி கூடிய இடம் சுருங்குகிறது, குறைந்த இடம் தன் பழைய அளவிலேயே நின்று அலைபாய்கிறது. நீராவி இஸ்திரியால் அதை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கரையில் மேலும் தையல் சேர்த்த பின்னரே ஓரளவு படிந்தது. இப்போது எந்த வடிவத்தை வரைந்தாலும், வரைபடத்தின் மீது மூடிய கைமுட்டியை நகர்த்திக்கொண்டே போகிறேன். ஓரிடத்தில் கோடுகளுக்கிடையே முட்டி முழுதாக அடங்கி, மற்றோரிடத்தில் முட்டிக்கடியில் நாலைந்து கோடுகள் ஓடினால், அந்த வடிவத்தை மாற்றிவிடுகிறேன்.

வரைந்து பார்ப்பதற்குத் தடித்த ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளே போதும். மேல்துணியின் மீது அதை விரித்து மார்க்கரால் வரையுங்கள். தாளின் நான்கு ஓரங்களிலும் சிவப்பு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கை ஓடுகிற வேகத்தில் மார்க்கர் தாளைத் தாண்டித் துணியில் ஏறிவிடும். நூலின் நிறத்தையும் கண்டில் இருக்கும்போது முடிவு செய்யாமல், இரண்டு முழ நூலை அவிழ்த்துத் துணியின் மீது குவித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

பின்சேர்க்கை: துணியில் நேரடியாகக் குறியிட, சூடு பட்டால் மறையும் ஃப்ரிக்ஷன் பேனா வசதியானது என்று முன்பு எழுதியிருந்தேன். ஒரு வாசகி, இஸ்திரியில் மறைந்த கோடுகள் ஃப்ரீசரில் வைத்ததும் திரும்பி வந்ததாக எழுதியிருந்தார். நானும் ஒரு துண்டை வைத்துப் பார்த்தேன், வந்தன. எனவே பிறர் துணிக்கு, தண்ணீரில் கரையும் நீலப் பேனாவையே பயன்படுத்துங்கள். ஆனால் அதன் மீது இஸ்திரி படவே கூடாது, கறை நிலைத்துவிடும். குளிர்ந்த நீரில் முதலில் அலசிவிட வேண்டும்.

இன்னொருவர் கேட்டது: மரம், பூனை போன்ற வடிவங்களை வரிசையாகப் போடலாமா? போடலாம். ஆனால் போர்வையின் தலைப்பக்கம் எது என்று முதலில் கேட்டு, அந்த ஓரத்தில் ஒரு ஊக்கைக் குத்திவிட்டுத் தொடங்குங்கள்.