முதல் புறா வேட்டை: பிள்ளை கையில் துப்பாக்கியைக் கொடுக்கும் முன்

டெக்சாஸின் வடக்கு, நடு மண்டலங்களில் செப்டம்பர் 1 அன்று புறா வேட்டை தொடங்கும். பிள்ளைகளை முதல்முறை வேட்டைக்குக் கூட்டிப்போக இதைவிடத் தோதான பருவம் கிடையாது. மான் வேட்டை மாதிரி விடியற்காலைக் குளிரில் மூச்சுவிடாமல் காத்துக்கிடக்க வேண்டாம். பேசலாம், தண்ணீர் குடிக்கலாம், சலித்தால் எழுந்து நடக்கலாம். ஆனால் ஒன்று. மான் வேட்டையில் துப்பாக்கி பெரும்பாலும் ஒரே திசையைப் பார்க்கும். புறா எந்தப் பக்கமிருந்தும் வரும், எந்தப் பக்கமும் திரும்பும், அதன் பின்னாலேயே துப்பாக்கிக் குழலும் சுற்றும். அதே வயலின் மற்ற ஓரங்களில் வேறு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

நான் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த தலைமுறை என்பதால் வேட்டையைக் கண்ணால் பார்த்ததில்லை. இங்கே வந்து, பிரவுன்வுட் பக்கம் பண்ணை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம்தான் கற்றுக்கொண்டேன். என் மகளுக்கும் அவர் முறையிலேயே சொல்லிக்கொடுத்தேன். இங்கே பிறந்த நம் பிள்ளைகள் பள்ளித் தோழர்களோடு வேட்டைக்குப் போகக் கேட்கிறார்கள். பெற்றவர்கள் தமக்கு ஒன்றும் தெரியாது என்று வேறு யாரோ பொறுப்பில் அனுப்பிவிடுகிறார்கள். அப்படி அனுப்பாதீர்கள். கற்றுக்கொண்டு நீங்களே கூட்டிப்போங்கள்.

முதலில் சட்டம். டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இளையோர் வேட்டை உரிமம் உண்டு. வேட்டைக் கல்விச் சான்றிதழை 9 வயதிலிருந்து வாங்கலாம். அது இல்லாத பிள்ளையோடு, உரிமம் பெற்று, தானும் வேட்டைக் கல்வி முடித்த (அல்லது அதிலிருந்து விலக்கு உள்ள) பெரியவர் ஒருவர் சாதாரணமாகக் கூப்பிட்டால் காது கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும். சான்றிதழ் இருந்தாலும் முதல் வேட்டையில் அந்தத் தூரம்கூட அதிகம். கை நீட்டினால் பிள்ளையின் தோள் எட்ட வேண்டும். 17 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் இணையத்தில் மட்டும் படித்துச் சான்றிதழ் வாங்க முடியாது, நேரில் ஒரு பயிற்சியும் உண்டு. அது நல்லது. வகுப்பில் பிள்ளையோடு நீங்களும் உட்காருங்கள்.

இப்போது, நான் சொல்ல வந்ததிலேயே முக்கியமான விஷயம். பிள்ளையின் முதல் வேட்டையில் நீங்கள் துப்பாக்கி எடுக்காதீர்கள். வண்டியிலும் வேண்டாம், வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வாருங்கள். கையில் துப்பாக்கி உள்ள பெரியவர் வானத்தைத்தான் பார்ப்பார். பறவை வரும் அந்த இரண்டு நொடியில் பிள்ளையின் விரல் எங்கே, குழல் எங்கே என்று பார்க்க ஆள் இருக்காது. இதைச் சொன்னால் பலருக்கும் மனம் வராது. வருஷம் முழுக்கக் காத்திருந்த பருவம் என்பார்கள். மறுநாளும் பருவம்தான், அப்போது போய்ச் சுடட்டும்.

பயிற்சியைக் கோடை விடுமுறையிலேயே தொடங்குங்கள். வீட்டுக்குள் பழகும்போது அந்த அறையில் நிஜத் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. போலித் தோட்டா கடையில் கிடைக்கும், அது போதும். துப்பாக்கியை யார் யாரிடம் கொடுத்தாலும் திறந்து, உள்ளே பார்த்து, விரல் விட்டுத் தடவிப் பார்த்து, திறந்தபடியேதான் கொடுக்க வேண்டும். இப்போதுதானே பார்த்தோம் என்று விடக் கூடாது. வாங்குகிறவரும் மறுபடி பார்க்க வேண்டும். எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே நினைக்க வேண்டும் என்பதை வாயால் எத்தனை தடவை சொன்னாலும் பிள்ளைக்குப் பாடமாகத்தான் கேட்கும். கை செய்து பழகினால்தான் பதியும்.

அடுத்தது குழல் வாய். நான் நேரம் காலம் பார்க்காமல் "வாய் எங்க பாக்குது, கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். உட்காரும்போது, எழும்போது, தும்மும்போது, கதவைத் தாண்டும்போது எல்லாம். ஆரம்பத்தில் அவள் குனிந்து பார்த்துத்தான் பதில் சொல்வாள். போகப்போகப் பார்க்காமலே சொன்னாள். அப்புறம் ஒருநாள் நான் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பியபோது, "அப்பா, வாய் எங்க பாக்குது?" என்று அவளே கேட்டாள். சரி, இனி வயலுக்குப் போகலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

விரல், விசைக்கு வெளியே குழலை ஒட்டி நேராக நீட்டியபடி இருக்க வேண்டும். துப்பாக்கியின் பின்கட்டை தோளில் பதிந்து, எதைச் சுடப்போகிறோம் என்று தெரிந்த பிறகுதான் உள்ளே போகலாம். சேஃப்டியை (விசை தவறி இழுபடாமல் தடுக்கும் பூட்டை) விலக்குவதும் துப்பாக்கி தோளுக்கு ஏறும்போதுதான். சுடவில்லை என்றால் இறக்கும் முன்பே மறுபடி போட்டுவிட வேண்டும். சேஃப்டி போட்டிருக்கிறது என்பதற்காகக் குழலை யார் பக்கமும் திருப்பலாம் என்று அர்த்தமில்லை. அதுவும் ஓர் இயந்திரம்தான், கெட்டுப்போகும்.

எந்தத் துப்பாக்கி? பலரும் 410 அளவை (மிகக் குறுகிய குழல்) வாங்கித் தருவார்கள். உதைப்பு குறைவு என்பது உண்மைதான். ஆனால் தோட்டாவுக்குள் இருக்கும் ரவை, அதாவது சின்னச் சின்னக் குண்டுகள், குறைவு என்பதால் பறவை மேல் படுவது கஷ்டம், காயம்பட்டுப் பறந்துபோவதும் அதிகம். என் தேர்வு 20 அளவு, நடுவில் மடித்துத் திறக்கும் இரட்டைக் குழல். திறந்திருந்தால் தூரத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியும், அதுதான் காரணம். சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்து ஏற்றும் ஒற்றைக் குழல் வேண்டவே வேண்டாம். சுடாமல் சுத்தியலை இறக்கும்போது பிள்ளையின் வியர்த்த விரல் நழுவும். ரொம்பவும் எடை குறைந்ததும் வேண்டாம், எடை குறையக் குறைய உதைப்பு கூடும். 20 அளவில் முக்கால் அல்லது முக்காலே அரைக்கால் அவுன்ஸ் எடையுள்ள 8ஆம் எண் ரவைத் தோட்டா போதும். கட்டை நீளமாக இருந்தால் வெட்டிக் குறைத்துக்கொள்ளலாம், பிள்ளை வளர்ந்ததும் பழையபடி நீட்டிக்கொள்ளலாம்.

வாங்கும் முன் எந்தக் கண் ஓங்கியது என்று பாருங்கள். இரண்டு கையையும் நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே சின்ன முக்கோண ஓட்டை விட்டு, அதன் வழியே தூரத்தில் ஒரு பொருளைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்தபடியே கையை முகத்துக்குக் கொண்டுவந்தால் ஓட்டை எந்தக் கண்ணுக்கு வருகிறதோ அதுதான். வலது கைப் பிள்ளைக்கு இடது கண் என்றால் முதலிலிருந்தே இடது தோளில் வைத்துப் பழக்குவது நல்லது. வயலுக்கு முன், வானில் எறியும் களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழக வேண்டும். ஃபோர்-எச் (4-H) என்ற இளையோர் அமைப்பு இதற்குப் பிள்ளைகளுக்கென்றே பயிற்சி நடத்துகிறது.

தோட்டா விஷயத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். 20 அளவுத் தோட்டா மஞ்சள் நிறத்தில் வருவது அழகுக்காக இல்லை. அதை, குழல் இன்னும் அகலமான 12 அளவுத் துப்பாக்கியில் போட்டால் அது நிற்காது, வழுக்கிக்கொண்டு குழலுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். பின்னாலிருந்து பார்த்தால் காலியாகத் தெரியும். சுடவில்லையே என்று இன்னொரு 12 அளவுத் தோட்டாவைப் போட்டு விசையை இழுத்தால் குழல் வெடிக்கும், அதுவும் இடது கை பிடித்திருக்கும் இடத்தருகே. அதனால் பிள்ளையின் பையில் ஒரே அளவுதான் இருக்க வேண்டும். போன வருஷச் சட்டைப் பையையும் உதறிப் பார்த்துவிடுங்கள்.

வயலுக்கு வந்தாயிற்று. ரவை வானத்திலிருந்து உதிர்ந்து விழும், அதனால் கண்ணாடியும் காதுக் காப்பும் கழற்றக் கூடாது. உட்கார்ந்ததும் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். "அந்தக் காற்றாடிக் கோபுரத்திலிருந்து இந்த மெஸ்கீட் மரம் வரைக்கும்தான் உன்னோட வானம்." (மெஸ்கீட், நம்ம ஊர் சீமைக் கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம். முள்ளும் அதே மாதிரிதான், உட்காரும் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாம்பையும்தான்.) மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பிள்ளையை விட்டே விரல் நீட்டிக் காட்டச் சொல்லுங்கள். பறவை எல்லையைத் தாண்டினால் குழல் நின்றுவிட வேண்டும், பறவையோடு சுற்றக் கூடாது.

இதைச் சின்ன விஷயமாக நினைக்கிறவர்களுக்கு 2006 பிப்ரவரியை நினைவுபடுத்துவேன். தெற்கு டெக்சாஸ் பண்ணையொன்றில் காடை வேட்டையின்போது, அன்றைய அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனி ஒரு பறவையோடு சேர்ந்து துப்பாக்கியைத் திருப்பிச் சுட்டார். ரவை கூட வந்த 78 வயது வழக்கறிஞர் ஹாரி விட்டிங்டனின் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் பாய்ந்தது. விட்டிங்டன் பிழைத்துக்கொண்டார். இருவருமே வேட்டைக்குப் புதியவர்கள் அல்ல.

தாழப் பறக்கும் பறவையைச் சுடவே கூடாது. பறவைக்குக் கீழே வெறும் வானம் தெரிய வேண்டும். மரம், வேலி, வண்டி, நாய் எது தெரிந்தாலும் விட்டுவிட வேண்டும். மின்கம்பியில் உட்கார்ந்திருப்பதையும் அப்படியே. பிள்ளை எழுந்து நின்றுதான் சுட வேண்டும், நீங்கள் அதன் தோளுக்குப் பின்னால் நில்லுங்கள். இடம்பெயரும் பறவைகளுக்குச் சட்டப்படி துப்பாக்கியில் 3 தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது. முதல் வேட்டையில் ஒன்றே ஒன்று போடுங்கள். பதற்றத்தில் இரண்டாவதைத் தேடும் வேலை இருக்காது.

எல்லை தாண்டியது, தாழப் போனது என்று பிள்ளை தானாகக் குழலை இறக்கினால், பறவை விழுந்ததைவிட அதிகமாகப் பாராட்டுங்கள். என் மகள் முதல் மாலையில் சுட்டதைவிட விட்டதுதான் அதிகம். ஒரு தடவை இரண்டு புறா தலைக்கு மேல் வந்து, சூரியகாந்தி வயலை ஒட்டித் தாழ்ந்தன. துப்பாக்கி தோளில், விரல் வெளியே. "ஆளு இருக்காங்கப்பா" என்று இறக்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து அவள் அம்மாவிடம் முதலில் சொன்னதும் அதைத்தான், நானும் அதையேதான் சொன்னேன்.

விசையை இழுத்து "டிக்" என்று மட்டும் கேட்டால் குழலை ஆளில்லாத பக்கமே வைத்து அரை நிமிஷம் பொறுத்துத் திறக்க வேண்டும். வெடி "புஸ்" என்று மெலிந்து கேட்டால் அத்தோடு நிறுத்தி, தோட்டாவை எடுத்துவிட்டு, குழலில் ஏதும் அடைத்திருக்கிறதா என்று பின்பக்கமிருந்து பாருங்கள். குழல் வாய் மண்ணில் குத்தினாலும் இதேதான். வேலி தாண்டும்போது தோட்டாவை எடுத்து, திறந்து வைத்த துப்பாக்கியைக் கம்பிக்கு அடியில் தள்ளிவிட்டு, வாய் இல்லாத பக்கமாகத் தாண்ட வேண்டும். நீங்கள் பக்கத்தில் இருப்பதால் துப்பாக்கியை நீங்களே வாங்கிக்கொள்ளலாம்.

பறவை விழுந்தால் பிள்ளை ஓடப் பார்க்கும். துப்பாக்கியைத் திறந்து காலி செய்து, தரையில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். உயிர் இருந்தால் நீங்களே உடனே முடித்துவிடுங்கள், அதைப் பிள்ளை தலையில் கட்டாதீர்கள். அழுதால் அழட்டும். "இதெல்லாம் பாக்காதே" என்று அதட்டவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். இனி வர மாட்டேன் என்றால் சரி என்று விட்டுவிடுங்கள்.

வண்டிக்கு வரும் முன் தோட்டாக்களை எண்ணி டப்பாவில் போட்டு, வெறும் உறைகளைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். ஈயம் பட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் பிஸ்கட்டோ வேறு எதுவோ கொடுக்க வேண்டும். செப்டம்பர் வெயிலில் கறி சீக்கிரம் கெட்டுவிடும், அதனால் புறாவைச் சீக்கிரம் பனிக்கட்டிப் பெட்டியில் வையுங்கள். எங்கள் வீட்டில் நெஞ்சுக்கறியை எடுத்து மிளகும் சோம்பும் போட்டு வறுவலாகச் செய்வோம். சமைக்கும் முன் விரலால் அழுத்திப் பார்த்து ரவை இருந்தால் எடுத்துவிடுங்கள், பிள்ளைக்கும் மெதுவாக மென்று சாப்பிடச் சொல்லுங்கள்.